தொமாசாவின் இடது மவுண்ட்

வாசலில் நிற்கிற ஜீப் உங்களுடையதுதானே, லெப்டினன்ட்? நான் உள்ளே வரும்போது அதை அணைக்காமல் ஓடவிட்டிருந்தார்கள். முன் கண்ணாடி குளிர் காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் என்ஜினைத் திட்டிக்கொண்டிருந்தார். பாவம், என்ஜின் மேல் தப்பே இல்லை. அதைத் தாங்குகிற வலது பக்க மவுண்ட், அந்த ரப்பர் கட்டை, போய்விட்டது. அதற்கு மேலே எங்கிருந்தோ எண்ணெய் சொட்டுகிறது. எண்ணெய் பட்ட ரப்பர் பாலில் ஊறிய ரொட்டி மாதிரி ஆகிவிடும். முதலில் ஒழுக்கை அடைக்கச் சொல்லுங்கள், அப்புறம் ரப்பரை மாற்றச் சொல்லுங்கள். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். வலது கெட்டுப்போன நாளிலிருந்து பாரம் முழுக்கச் சுமந்தது இடதுதான், அதுவும் களைத்துப்போயிருக்கும்.

காபி நன்றாக இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் காபி பற்றி ஊரில் தப்பாகச் சொல்கிறார்கள்.

என் பெயர் குமெர்சிந்தோ அரோச்சா. மத்தான்சஸ் ஊரில் யாரும் அவ்வளவு நீளமாகக் கூப்பிடுவதில்லை, சிந்தோ என்றால் போதும். புவெப்லோ நுவேவோ பக்கம் எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. இங்கே ஓடுகிற வண்டிகளில் பாதி எனக்கு முன்னால் பிறந்தவை. உடம்பு ஒரு தேசத்தில் செய்தது, என்ஜின் வேறொரு தேசத்தில், கியர் பெட்டி மூன்றாவது தேசத்தில். முன்பின் அறிமுகமில்லாத இவற்றை ஒன்றாக உட்காரவைப்பது என் வேலை. மவுண்ட் கடையில் கிடைக்காது. டிராக்டர் டயரின் பக்கவாட்டை வெட்டி, இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்து, சூடேற்றி அழுத்தி நானே செய்கிறேன். ரப்பர் கெட்டியாக இருந்தால் என்ஜினின் உதறல் மொத்தமும் பயணிகளின் முதுகெலும்புக்கு வந்துவிடும். மெத்தென்று இருந்தால் கியர் மாற்றும்போதெல்லாம் என்ஜின் குதிக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் கொய்யாப்பழ அல்வா மாதிரிக் கொஞ்சம் உள்வாங்கி, எடுத்ததும் மேலே வர வேண்டும். என் மவுண்ட் போட்ட வண்டியில் காபிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கார்தெனஸ் வரை போகலாம். போயிருக்கிறார்கள்.

நீங்கள் தொமாசாவைப் பற்றித்தான் கேட்கப்போகிறீர்கள், தெரியும். அதற்குத்தானே வந்திருக்கிறேன். கொஞ்சம் சுற்றி வந்துதான் சொல்ல முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொமாசா என்பது வண்டியின் பெயர். பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை, முன்னால் பார்த்தால் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற மாமி மாதிரி இருப்பாள். என் தங்கை நெரெய்டாவின் கணவன் ஃபெர்மினுக்கு அவன் அப்பா விட்டுப்போன சொத்து. அதை வைத்துக்கொண்டு மத்தான்சஸுக்கும் கார்தெனஸுக்கும் நடுவே ஷேர் டாக்ஸி ஓட்டினான். மற்ற வண்டிகளுக்கு எல்லாம் மாறியிருந்தாலும் தொமாசாவுக்கு மட்டும் பிறந்த என்ஜினே இருந்தது. அந்தக் காலத்து அமைப்பு. ஆக்ஸிலரேட்டர் மிதியிலிருந்து என்ஜினுக்கு ஒரு கம்பி போகும். ஒரு முனை வண்டியின் உடம்பில், மறு முனை என்ஜினில். இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கிற வரைக்கும் ஒரு கவலையும் இல்லை.

அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு தடவை இடது மவுண்ட் பிய்ந்துவிட்டது. என் பட்டறை வாசலிலேயேதான். ஃபெர்மின் கிளம்புகிறேன் என்று ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். என்ஜின் சுழலும்போது அந்தப் பக்கம்தான் எழும்பப் பார்க்கும். பிடித்துக்கொள்ள ரப்பர் இல்லாததால் எழும்பியே விட்டது. எழும்பிய என்ஜின் கம்பியை இழுத்தது, கம்பி இழுபட்டதும் வண்டி இன்னும் வேகம் எடுத்தது, வேகம் எடுத்ததும் என்ஜின் இன்னும் எழும்பியது. தொமாசா தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு வேலியைத் தாண்டி, பப்பாளி மரத்தில் போய்ச் சாய்ந்துகொண்டாள். கோழிகள் தப்பித்துவிட்டன. ஃபெர்மின் வெளியே வந்தபோது மீசைகூட வெளுத்துப்போயிருந்தது.

"மச்சான், நான் கால எடுத்துட்டேன். அது எடுக்கல" என்றான்.

நாங்கள் ஒரு வாரம் பப்பாளி தின்றோம். அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். மீன்பிடிப் படகின் நங்கூரச் சங்கிலியில் ஒரு துண்டு வாங்கி, என்ஜினுக்கும் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் நடுவே இடது பக்கம் பூட்டினேன். இனி ரப்பரே பிய்ந்தாலும் என்ஜின் ஒரு விரற்கடைக்கு மேல் எழும்ப முடியாது. அதைப் பார்த்து ஊரில் பாதி வண்டிகள் சங்கிலி போட்டுக்கொண்டன. அந்த யோசனை என்னுடையது. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

இப்போது என் குடும்பத்தைப் பற்றி. முதலில் என் மனைவி போனாள், மகனைக் கூட்டிக்கொண்டு. நான் குறை சொல்லவில்லை, கடல் தாண்டிப் போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு நல்ல காரணம் இருக்கும். பிறகு முடிதிருத்துகிற அன்செல்மோ மாட்ரிடுக்குப் போனான். தபால்காரர் உலிசஸ் உருகுவேக்குப் போனார். பக்கத்து வீட்டுக்காரர் போனபோது தன் நாயை என்னிடம் விட்டுப்போனார். அதுவும் செத்துப்போயிற்று. அதற்கு வயதாகியிருந்தது, அதைச் சொல்லிக் குற்றமில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் டொமினோ ஆட நாலு பேர் வேண்டும். மிஞ்சியது நானும் ஃபெர்மினும்தான். நெரெய்டா அடுப்பை அணைத்துவிட்டு வந்து மூன்றாவதாக உட்காருவாள். அவளுக்கு ஆட்டம் தெரியாது. கையில் இருக்கிற காயைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் வைப்பாள். நாங்கள் சிரித்துச் சிரித்து வயிறு நோகும்.

மனைவி போன பிறகு நான் ஒரு நாள்கூடத் தனியாகச் சாப்பிட்டதில்லை. நெரெய்டா விட மாட்டாள். ஒரு தட்டு கூட வைப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. கறுப்பு பீன்ஸ் சோறு, வறுத்த வாழைக்காய், கிடைக்கிற நாளில் பன்றிக்கறி. நான் பட்டறையில் கை கழுவுகிற சத்தம் கேட்டதும் சோற்றைப் போட்டுவிடுவாள்.

அவர்கள் மகள் மைரெலிஸ் கடலுக்கு அந்தப் பக்கம், டாம்பாவில் இருக்கிறாள். கல்யாணம் அங்கேயே, குழந்தையும் அங்கேயே. ஒரு மதியம் சாப்பாட்டு நடுவில் நெரெய்டா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, கோவிச்சுக்காத. கொழந்தைக்குப் பல்லு மொளைக்குதாம். மைரெலிஸ் கூப்பிடுறா. நாங்க போயிரலாம்னு இருக்கோம்."

"போயிட்டு வாங்க, நல்ல விஷயந்தான" என்றேன்.

"வர்றதுக்கு இல்லண்ணே. போறதுக்கு."

ஃபெர்மின் தட்டைப் பார்த்துக்கொண்டே, கொஞ்ச நாளில் என்னையும் அழைத்துக்கொள்வதாகச் சொன்னான். நல்ல மனசு. அங்கே மவுண்டெல்லாம் டப்பாவில் வருகிறதாம், நான் போய் என்ன செய்வது என்று கேட்டேன். மூவரும் சிரித்தோம். இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். தொமாசாவை விற்றால்தான் பயணத்துக்கு ஆகும் என்று ஃபெர்மின் சொன்னான். வாங்க வருகிறவன் மயங்கிப்போகிற மாதிரி வண்டியைத் தயார்பண்ணித் தருகிறேன் என்று நானே முன்வந்தேன். நெரெய்டா எழுந்து வந்து என் தலையில் முத்தம் கொடுத்தாள்.

வாங்க வந்தவர் பல்தொமேரோ. கார்தெனஸில் தின்பண்டக் கடை வைத்திருந்தார். அவர் எண்ணெயில் பொரித்தெடுக்கிற க்ரோக்கெட்டாவுக்காக ஹவானாவிலிருந்து வருகிறவர்கள் உண்டு. பெரிய தொந்தி, பெரிய சிரிப்பு. வெளிநாட்டிலிருக்கும் தம்பி அனுப்பிய புதுப் பல்செட், அதைக் காட்டுவதற்காகவே கொஞ்சம் அதிகம் சிரிப்பார். அவர் வருவதற்கு முன்னால் தொமாசாவின் நல்ல மவுண்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு, குப்பையில் கிடந்த பழைய ஜோடியைப் போட்டேன். சூட்டில் வெந்து வெந்து கல்லாகிப்போன ரப்பர். அதனால் ஆபத்து ஒன்றுமில்லை, உதறல்தான்.

ஃபெர்மின் சாவியைத் திருப்பினான். கண்ணாடிகள் கலகலத்தன. முன்னால் ஒட்டியிருந்த கன்னி மரியாள் படம் நழுவி விழுந்தது. சாமான் பெட்டியின் கதவு தானாகத் திறந்து, அதிலிருந்து ஃபெர்மினின் சாப்பாட்டுக் கரண்டி வெளியே குதித்தது. பல்தொமேரோ ஏதோ கேட்க வாயைத் திறந்தார், பல்செட் தன் பாட்டுக்குத் தாளம் போட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினார்.

"என்னப்பா இது, வண்டிக்கு மலேரியாவா?" என்றார்.

"வயசாச்சு இல்லீங்களா. எழுவது தாண்டினா நமக்கும் கை நடுங்கத்தான் செய்யும்" என்றேன்.

அவர் போன பிறகு ஃபெர்மின் தலையைச் சொறிந்தான். "நேத்து வரைக்கும் பட்டு மாதிரி ஓடிச்சே மச்சான்."

"புது ஆளப் பாத்தா கூச்சப்படுறா மாப்ள. பொண்ணு பாக்க வந்த மாதிரி" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். அவன் என்னைச் சந்தேகப்பட்டதே இல்லை. அந்த மாதிரி மனிதனை விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்?

இரண்டாம் தடவை வந்தபோது போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி வைத்திருந்தேன். கியர் மாற்றும்போதெல்லாம் இருக்கைக்குக் கீழே யாரோ சம்மட்டியால் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். பல்தொமேரோ வெர்சாயெஸ் ஏற்றத்தில் இறங்கிக்கொண்டு, மிச்ச தூரத்தை நடந்தே வருவதாகச் சொன்னார். வேர்த்து விறுவிறுத்து வந்தவருக்கு நெரெய்டா மாமே பழச்சாறு கொடுத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் வரை இருந்து எங்களோடு டொமினோ ஆடினார். நன்றாகவே ஆடினார். நாலு பேர் சேர்ந்து எவ்வளவு காலமாயிற்று என்று ஃபெர்மின் சொல்லிச் சொல்லி மாய்ந்தான்.

மூன்றாம் தடவை அவர் வண்டியில் ஏறவே இல்லை. நேராகப் பட்டறைக்கு வந்து, கவிழ்த்துப் போட்டிருந்த வாளியில் உட்கார்ந்தார்.

"சிந்தோ, எனக்கு வண்டி புடிச்சிருச்சு. நடுங்கினா நடுங்கட்டும். நான் வாங்குறது வண்டிய மட்டும் இல்ல, ஒன் கையையும் சேத்துத்தான். அப்பப்ப கார்தெனஸ் வந்து பாத்துட்டுப் போ. க்ரோக்கெட்டா வயிறு நெறைய நான் போடுறேன்."

நல்ல மனிதர். இதை எழுதிக்கொள்ளுங்கள், லெப்டினன்ட். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. இரண்டு தடவை தெளிவாகச் சொல்லியும் புரிந்துகொள்ளாதவர், அவ்வளவுதான்.

விற்பனை முடிவானதும் வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. நெரெய்டா பெட்டி கட்டினாள், பிரித்தாள், மறுபடி கட்டினாள். சாமான்களை அக்கம்பக்கத்துக்குப் பிரித்துக் கொடுத்தாள். எனக்குப் பிரஷர் குக்கர் வந்தது. பீன்ஸுக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை விசில் என்று நின்றுகொண்டு சொல்லித் தந்தாள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அதன் கைப்பிடி தளர்ந்திருந்தது, முறுக்கிச் சரிசெய்தேன். அந்த நேரத்தில்தான் முடிவு செய்தேன் என்று நினைக்கிறேன். கோபமெல்லாம் இல்லை. ஒழுகுகிற இடம் தெரிந்தவுடன் கை தானாக அங்கே போகிற மாதிரி.

வண்டியைக் கார்தெனஸுக்குக் கொண்டுபோய் ஒப்படைக்கிற நாளுக்கு முன்னால், கடைசியாக ஒரு தடவை நன்றாகப் பார்த்துக் கொடுத்துவிடுகிறேன் என்று ஃபெர்மினிடம் சொன்னேன். சந்தோஷமாக விட்டுப்போனான். நல்ல மவுண்டுகளை மறுபடி போட்டேன். உதறல் நின்றுவிட்டது. காலையில் ஃபெர்மின் சாவியைத் திருப்பியபோது தொமாசா பூனை மாதிரி முனகினாள். பல்தொமேரோ பேருந்தில் வந்து இறங்கியிருந்தார், வண்டியில் உட்கார்ந்தே ஊர் திரும்ப வேண்டும் என்று ஆசை அவருக்கு. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என்னைக் கட்டிக்கொண்டார்.

நெரெய்டாவும் கூடப் போவதாக இருந்தாள். கார்தெனஸில் அவளுக்கு ஒரு சிநேகிதி உண்டு, விடைபெற்றுவிட்டு வரலாம் என்று. நான் அவளைக் கூப்பிட்டு, அன்செல்மோ போன நாளிலிருந்து என் தலையைச் சீராக வெட்ட ஆளில்லை, போவதற்கு முன்னால் நீயாவது ஒரு தடவை வெட்டிவிடு என்றேன். அவள் கத்தரிக்கோலைத் தேடி எடுத்தாள். வாசலில் நாற்காலி போட்டு, கழுத்தில் துண்டு கட்டி, நான் உட்கார்ந்திருக்க அவள் வெட்டிக்கொண்டிருந்தாள். தொமாசா தெருமுனை திரும்பியபோது ஃபெர்மின் ஹாரன் அடித்தான். இருவரும் கையசைத்தோம்.

அதற்கு மேல் நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் வருகிற வளைவு. முன்னால் போன குதிரை வண்டியை முந்த ஃபெர்மின் அழுத்தி மிதித்தான். காலை எடுத்தான், அது எடுக்கவில்லை. சாவியைத் திருப்பி அணைத்தேன் என்று பிறகு சொன்னான், அணைத்திருப்பான், ஆனால் அதற்குள் ரோடு முடிந்துவிட்டது. குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. பல்தொமேரோ அங்கேயே போய்விட்டார். ஃபெர்மினுக்கு இடுப்பிலும் முதுகிலும் அடி. உயிர் பிழைத்தது பெரிது என்று டாக்டர் சொன்னார், நானும் அதையேதான் நெரெய்டாவிடம் சொன்னேன்.

உங்கள் நிபுணர் என்ன எழுதினார்? தரம் குறைந்த வீட்டுத் தயாரிப்பு, ரப்பர் தகட்டிலிருந்து தானாகப் பிய்ந்தது, விபத்து. அதைப் படித்துக் காட்டியபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் மவுண்ட் தானாகப் பிய்ந்ததாம். கொஞ்ச காலம் டிரைவர்கள் என் பட்டறைப் பக்கமே வரவில்லை. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, எதற்குக் கிளற வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது திருத்திக்கொள்ளலாம். அது பிய்ந்த ரப்பர் அல்ல, அறுத்த ரப்பர். இடது மவுண்டில், அடித் தகட்டை ஒட்டி, நானே தீட்டிய கத்தியால் அறுத்தேன், ஓரத்தில் ஒரு விரல் அகலம் மட்டும் விட்டு. சும்மா நிற்கும்போது எதுவும் தெரியாது. சாதாரணமாக ஓட்டினாலும் தெரியாது. அழுத்தி மிதித்தால்தான் தெரியும். அறுத்த இடத்தில் புழுதியும் கிரீஸும் தேய்த்துவிட்டேன். உங்கள் நிபுணர் துடைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சங்கிலி எங்கே என்று அவர் கேட்கவே இல்லை பாருங்கள். அது என் பட்டறையில் ஜன்னலுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

இல்லை, ஒருவரையும் கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. என்ஜின் எழும்பும், ஃபேன் ரேடியேட்டரைக் கிழிக்கும், வண்டி நடுவழியில் ஆவி விட்டுக்கொண்டு நிற்கும், பல்தொமேரோ வேண்டாம் என்று போய்விடுவார். என் கணக்கு இதுதான். அப்படியானால் தங்கையை ஏன் நிறுத்திவைத்தாய் என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. அவளுக்கு வண்டியில் போனால் தலை சுற்றும், அதுதான். முடியும் நிஜமாகவே வளர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறோம் என்று நீங்கள் வந்து பார்க்க வேண்டும். ஃபெர்மினால் நடக்க முடியாது. நான்தான் தூக்கிக் குளிப்பாட்டுகிறேன், நான்தான் சவரம் செய்துவிடுகிறேன். அவனுக்கு ஒரு சக்கர நாற்காலி செய்து கொடுத்திருக்கிறேன், இருக்கைக்குக் கீழே நாலு பக்கமும் ரப்பர் வைத்து. எங்கள் தெருக் கல்லில் உருட்டினாலும் அவனுக்கு நோகாது. முன்பெல்லாம் நாள் முழுக்க ரோட்டில் இருப்பான், இப்போது எந்நேரமும் பேச்சுத் துணைக்கு இருக்கிறான். "மச்சான், நீ இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்" என்று ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

நெரெய்டா பெட்டிகளைப் பிரித்துவிட்டாள். பிரஷர் குக்கரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பேத்தியைப் போனில் பார்த்துக்கொள்கிறாள், குழந்தை திரையில் முத்தம் கொடுக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. இன்னொரு நல்லதும் நடந்தது. பல்தொமேரோவின் மனைவி எதெல்மிரா, சாவுக்குத் துக்கம் கேட்க நாங்கள் போனபோது பழக்கமானவள். பிள்ளைகள் மூன்று பேரும் வேலைக்கு என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள், வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தாள். க்ரோக்கெட்டா கொண்டுவருவாள், கணவரின் அதே கைப்பக்குவம். டொமினோவும் கணவரிடம் கற்றுக்கொண்டதுதான். ஆக, மறுபடி நாலு பேர் ஆகிவிட்டோம். கடைசி ஞாயிற்றுக்கிழமை அவளும் ஃபெர்மினும் ஒரு கட்சி, நானும் நெரெய்டாவும் ஒரு கட்சி. நெரெய்டா வழக்கம்போலக் கையில் இருப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே ஆடினாள். எதெல்மிரா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கணவர் போன பிறகு இப்படிச் சிரித்ததே இல்லை என்றாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

இவ்வளவு நன்றாக இருக்கும்போது ஏன் இன்றைக்கு வந்து சொல்கிறாய் என்று உங்கள் முகம் கேட்கிறது. மனசாட்சி அது இது என்று பெரிய வார்த்தைகள் சொல்ல மாட்டேன். விஷயம் சின்னதுதான். மைரெலிஸ் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் பேசி முடித்துவிட்டாள். ஃபெர்மினுக்கு முதுகில் அறுவை சிகிச்சை செய்யப்போகிறார்களாம். நடக்க வாய்ப்பிருக்கிறதாம். விசாத் தாள்கள் எல்லாம் வந்துவிட்டன. அடுத்த வாரம் விமானம். நெரெய்டா நேற்று மறுபடி பெட்டியை இறக்கினாள். எதெல்மிராவும் உட்கார்ந்து துணி மடித்துக் கொடுத்தாள். மூன்று பேரும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் பட்டறையில் கை கழுவினேன், யாருக்கும் கேட்கவில்லை.

இந்தத் தடவை விற்பதற்கு வண்டி இல்லை. என் கைக்கு எட்டுகிற போல்ட் எதுவும் இல்லை. இரவெல்லாம் புரண்டு படுத்துவிட்டு, காலையில் எங்கள் தெருவில் இருக்கிற வக்கீலிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். விபத்து என்று கோப்பை மூடிவிட்டதால் யாருக்கும் தடை இல்லையாம். கொலை என்று வழக்கு எழுந்தால் கதை வேறாம். வண்டியை ஓட்டியவன்தான் முதல் சாட்சி, குற்றம் செய்தவனின் தங்கை அடுத்த சாட்சி. தீர்ப்பு வருகிற வரைக்கும் இருவரும் நாட்டைவிட்டு நகர முடியாது என்றார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு நேராக இங்கே வந்தேன்.

ஆகவே நன்றாக எழுதிக்கொள்ளுங்கள். குமெர்சிந்தோ அரோச்சா, வயது ஐம்பத்தெட்டு. மவுண்டை அறுத்தது நான், சங்கிலியைக் கழற்றியது நான், என்ன நடக்கும் என்று தெரிந்துதான் செய்தேன். ரேடியேட்டர் பற்றிச் சொன்னதை வேண்டுமானால் அடித்துவிடுங்கள், அது இருந்தால் கொலை இல்லை என்று வழக்கு சீக்கிரம் முடிந்துவிடலாம். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன்.

எதெல்மிரா கொஞ்சம் வருத்தப்படுவாள். ஃபெர்மின் முதலில் பேசாமல் இருப்பான், அப்புறம் சரியாகிவிடுவான், அவன் சுபாவம் அப்படி. நெரெய்டாவைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. ஜெயிலில் பார்வையாளர்களை எந்தக் கிழமை விடுவார்கள் என்று மட்டும் சொல்லுங்கள், லெப்டினன்ட். அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தால்தான் முதல் நாளே பீன்ஸ் ஊறவைக்க முடியும்.